சனிக்கிழமை ஷோவில் வந்த மனுசன்

தவமலர்: இஞ்சருங்கோ, இப்ப கார் ஓடுறது ஆர்? நீங்களோ, நானோ?

நகுலேஸ்வரன்: நீர்தான் தவம். நான் ஒண்டும் சொல்லேல்லையே.

தவமலர்: வாய் சொல்லேல்லை. கால் சொல்லுது. அந்தப் பக்கம் இருந்துகொண்டு பிரேக் மிதிக்கிறியள்.

நகுலேஸ்வரன்: இந்தப் பக்கம் பிரேக் இல்லையெண்டு காலுக்கு எப்பிடித் தெரியும்...

தவமலர்: இதில இடப்பக்கம் திரும்பவேணும், என்ன?

நகுலேஸ்வரன்: இடப்பக்கம் திரும்பிறதுக்கு வலப்பக்கம் போகவேணும். இது நியூ ஜெர்சி. வலப்பக்க வளைவால இறங்கிச் சுத்தி வர... போச்சு. விட்டிட்டீர்.

தவமலர்: நீங்கள் கதை குடுத்ததிலதான் விட்டனான். ஐயோ, ஏழு மணிக்குக் கவுன்சில் கூட்டத்தைத் தொடங்கிடுவினம்.

நகுலேஸ்வரன்: தொடங்கட்டும். முதல் கொடிக்கு வணக்கம், பிறகு நீர் இறைக்கிற குழாய் பற்றி ஒராள், குப்பை லொறி பற்றி ஒராள். உம்மட முறை வர நேரம் கிடக்கு.

தவமலர்: பேரைக் கூப்பிடேக்க நான் இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடுவினம். மூண்டே மூண்டு நிமிஷம் தருவினம். அதுக்கு எவ்வளவு நாளா எழுதி, வெட்டி, திருப்பி எழுதி...

நகுலேஸ்வரன்: எழுதினதோ? நேற்றுக் குசினியில நிண்டு கத்திக்கொண்டெல்லோ இருந்தனீர். பக்கத்து வீட்டு நாய் எழும்பிப் பதில் சொன்னது.

தவமலர்: நாய்க்காவது விளங்கிச்சுதே.

நகுலேஸ்வரன்: எனக்கும் விளங்கிச்சு, தோழர். பொலிஸ் வாகனத்தில ரீவிக்காரன் ஏறக்கூடாது. அவ்வளவுதானே?

தவமலர்: தோழர் எண்டு நக்கலடிக்காதேங்கோ. ஓம், அவ்வளவுதான். ஒரு வருஷமா எங்கட ஊர்ப் பொலிஸோட கமராவைத் தூக்கிக்கொண்டு ஏறித் திரியிறான். ரோட்டில ஆரை மறிச்சாலும் படம் பிடிக்கிறான். அதை வெட்டி ஒட்டி, இடி விழுற மாதிரி மியூசிக்கும் போட்டுச் சனிக்கிழமையில விக்கிறான். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இவன் திரியலாமோ எண்டு இண்டைக்கு வோட்டு. தெரிஞ்ச கதையை ஏன் என்னைக் கொண்டு சொல்லுவிக்கிறியள்?

நகுலேஸ்வரன்: நீர் பேசிப் பழகத்தான். நல்லாத்தான் வருது... அந்த இடி விழுற மியூசிக்கை விடாதேயும்.

தவமலர்: மியூசிக்கைப் பற்றி உங்களை விட ஆருக்குத் தெரியும். சனிக்கிழமை எண்டா நீங்களும் பிச்சுமணி சாரும் மிக்சர் போத்தலைத் திறந்து வைச்சுக்கொண்டு...

நகுலேஸ்வரன்: வோட்டு உமக்கு, ரீவி எனக்கு. அப்பிடித்தானே இந்த வீட்டில ஒப்பந்தம். நீர் சொன்ன ஆளுக்கெல்லாம் வோட்டுப் போட்டிருக்கிறன். வீட்டு முத்தத்தில நீர் நட்ட தேர்தல் போர்டைக்கூடக் காத்து விழுத்தேக்க நான்தான் திருப்பி நட்டனான்.

தவமலர்: நட்டனீங்கள். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி.

நகுலேஸ்வரன்: ...பக்கத்து வீட்டுக்காரன் நல்ல மனுசன். ஏன் அவனைக் கரைச்சல்படுத்துவான் எண்டுதான்.

தவமலர்: கதையைப் பாருங்கோ. அவன் வைச்சிருக்கிற போர்டு எங்கட சாப்பாட்டு மேசை வரைக்கும் தெரியுது.

நகுலேஸ்வரன்: பச்சை. போம், போம்.

தவமலர்: போறன். இண்டைக்கு மட்டும் இந்த ரோட்டில இவ்வளவு வாகனமோ... நகுல், இண்டைக்கு வெல்லலாம். உண்மையாச் சொல்லுறன், வெல்லலாம். மூண்டு பேர் வேணும் எண்டினம், மூண்டு பேர் வேண்டாம் எண்டினம். மிச்சம் அந்தக் கவுன்சில் தலைவி மட்டும்தான்.

நகுலேஸ்வரன்: அந்தப் பள்ளிக்கூட ரீச்சரோ?

தவமலர்: ஓம். நியாயமான மனுசி. போன கூட்டத்தில நான் கதைச்சு முடிய நேரா என்னைப் பாத்துக் கேட்டவ, "இந்த ஷோவால எங்கட ஊரில ஆருக்கு என்ன நடந்தது, ஒரு ஆளைக் காட்டுங்கோ" எண்டு. நான் ஷோவில வந்த அந்த முகம் மறைச்ச மனுசனைச் சொன்னன். கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவரை. "அவர் ஒரு முறைப்பாடும் செய்யேல்லையே. அவருக்கு வராத கோவம் எங்களுக்கு ஏன் வரவேணும்" எண்டா. அந்த மனுசன் இண்டைக்கு வந்து ஒரு சொல் சொன்னாப் போதும். அவ இந்தப் பக்கம் சாய்வா. வராட்டி அந்தப் பக்கம்தான். அவ்வளவு மெல்லிசில தொங்குது.

நகுலேஸ்வரன்: ...

தவமலர்: என்ன, சத்தத்தைக் காணேல்லை?

நகுலேஸ்வரன்: ரோட்டைப் பாரும்.

தவமலர்: ரோட்டைத்தான் பாக்கிறன்.

நகுலேஸ்வரன்: அவரைத் தேடுறன் தேடுறன் எண்டு திரிஞ்சீர். கோயில்ல கேட்டனீராம், நாகரத்தினத்தின்ர கடையில கேட்டனீராம்.

தவமலர்: கேட்டனான்.

நகுலேஸ்வரன்: அவன் என்ன சொன்னவன்?

தவமலர்: "அக்கா, முகத்தை மறைச்சுப் போட்டா எல்லாரும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு" எண்டான். சிரிக்கேல்லை. அவனும் ஒருக்காப் பொலிஸிட்ட மறிபட்டவனாம்... உங்கட போன் கார் ஸ்பீக்கரில அடிக்குது. ஆர் அது, பாருங்கோ.

நகுலேஸ்வரன்: பிச்சுமணி. விடும், பிறகு எடுப்பம்.

தவமலர்: நான் ஏற்கெனவே பட்டனை அமத்திப் போட்டன். ஹலோ?

பிச்சுமணி: ஹலோ நகுல்! என்ன சார், ஆளையே காணோம்? ஒரு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை நான் தனியா உக்காந்து ஷோ பாக்கறேன். மிக்சரெல்லாம் நமுத்துப் போச்சு.

நகுலேஸ்வரன்: கொஞ்சம் வேலை, பிச்சுமணி...

பிச்சுமணி: ரிட்டயர் ஆன மனுஷனுக்கு என்ன சார் வேலை?

தவமலர்: ஸ்பீக்கர்ல இருக்கிறியள், சார். நானும் இருக்கிறன்.

பிச்சுமணி: அடடே, மேடமா. இன்னிக்குத்தான் கவுன்சில் மீட்டிங்காமே. ஆல் தி பெஸ்ட். ஆனா ஷோவை மட்டும் நிறுத்திடாதீங்கோ, எனக்கு வாரத்துல இருக்கற ஒரே சந்தோஷம் அதுதான்.

தவமலர்: உங்கட சந்தோஷத்துக்குப் பொலிஸ் ஆரையோ மறிக்கவேண்டிக் கிடக்கு, சார்.

பிச்சுமணி: தப்புப் பண்ணினாத்தானே மேடம் மறிக்கறான்.

தவமலர்: மறிக்கிறதைக் காட்டுறான். பிறகு ஒண்டும் இல்லையெண்டு விட்டதைக் காட்டுறானே? அது ஏன் ஒரு சனிக்கிழமையும் வாறதில்லை?

பிச்சுமணி: அதைக் காட்டினா யார் பாப்பா? சரி, இதைக் கேளுங்கோ நகுல். அந்த எபிசோடை நீங்க பாத்தே ஆகணும். நம்ம ஊர் ஆளு மாதிரியே இருக்கான். முகத்தை மறைச்சிருக்கான், ஆனா பாத்தா தெரியறது. பின்னாடி போலீஸ் வந்து நிக்கறான். இவன் ஹெட்லைட்டை அணைக்கறான். உள்ள லைட்டைப் போடறான். ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி மெதுவா கதவைச் சாத்திட்டு, ரெண்டு கையையும் தூக்கிண்டு நேரா போலீஸ்காரனைப் பாக்க நடந்து போறான். அவன் கத்தறான், உள்ள போ, உள்ள போன்னு. இவன் இன்னும் கிட்ட போறான். அப்புறம் கீழ படுன்னு துப்பாக்கியை எடுத்ததும்... மேடம் இருக்காங்க, சொல்லக் கூடாது. பேண்ட் நனைஞ்சு போச்சு சார். அந்த கேமராக்காரன் அதைப் போய் கிட்டக்க காட்டறான். எங்க வாட்ஸப் குரூப்ல ஸ்டிக்கரே பண்ணிட்டாங்க. அனுப்பட்டுமா?

நகுலேஸ்வரன்: வேண்டாம்.

பிச்சுமணி: புதுசா வந்த ஆளு போல. இங்க முப்பது வருஷம் இருந்தவன் எவனாவது கார்லேர்ந்து எறங்குவானா?

நகுலேஸ்வரன்: இல்லை... பழைய ஆளாயும் இருக்கலாம்.

பிச்சுமணி: என்னது?

தவமலர்: சார், சிக்னல் விட்டு விட்டு வருது. பிறகு கதைப்பம். வைக்கிறன்.

நகுலேஸ்வரன்: ஏன் வெட்டினீர்? சிக்னல் நல்லாத்தானே கிடந்தது.

தவமலர்: எனக்கு விட்டுத்தான் கேட்டது.

நகுலேஸ்வரன்: அவன் நல்லவன். மனசில ஒண்டும் வைச்சுக் கதைக்கிறவன் இல்லை.

தவமலர்: எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். நல்ல மனுசர் எல்லாம் கதிரையில இருந்து சிரிச்சுப் பழகிட்டினம். ரீவிக்காரன் நாள் முழுக்க நியூஸ் எண்டு போட்டு, அங்க களவு, இஞ்ச கொலை, கவனம், கவனம் எண்டு வெருட்டுறான். வெருண்ட சனத்துக்குப் பின்னேரம் பொலிஸைக் காட்டி ஆறுதல் சொல்லுறான். வெருட்டிறவனும் அவன், ஆத்துறவனும் அவன். கடைசியில என்ன நடக்குது? லைப்ரரியை ஞாயிற்றுக்கிழமையில பூட்டியாச்சு, காசில்லையாம். பொலிஸுக்கு மட்டும் புது வாகனம். ஏனெண்டு கேட்டா, ஊர் கெட்டுப்போச்சு, ரீவியில பாக்கேல்லையோ எண்டு கேக்கினம்.

நகுலேஸ்வரன்: இதை அங்க சொல்லுவீரோ?

தவமலர்: இதுதான் முதல் பந்தி.

நகுலேஸ்வரன்: நல்லாயிருக்கு. ஆனா கையை ஆட்டாதேயும், ஸ்டியரிங்கைப் பிடியும்.

தவமலர்: பிடிச்சுத்தான் இருக்கிறன்.

நகுலேஸ்வரன்: ...ஆனா பிச்சுமணி சொன்னதிலயும் ஒரு நியாயம் இருக்கு. அந்த மனுசன் இறங்கியிருக்கக் கூடாது.

தவமலர்: அப்பிடியோ.

நகுலேஸ்வரன்: இந்த நாட்டில இறங்கக் கூடாது. கண்ணாடியைக் கீழ இறக்கிப்போட்டு, ஸ்டியரிங்கில கையை வைச்சுக்கொண்டு இருக்கவேணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தவமலர்: அவருக்கு ஏன் தெரியேல்லை?

நகுலேஸ்வரன்: தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சது தலையில இருக்கும்... கால் வேற இடத்தில பழகினதெல்லோ.

தவமலர்: எனக்கு விளங்கேல்லை.

நகுலேஸ்வரன்: உமக்கோ விளங்காது? நீர் யாழ்ப்பாணத்தில சைக்கிள் ஓடேல்லையோ? ஆமி சென்ட்ரியைக் கண்டா என்ன செய்வம்? தூரத்திலயே இறங்கிடவேணும். ஏறி இருந்துகொண்டு போனா திமிர் எண்டு அடிப்பான். ஓடினாச் சுடுவான். இருட்டில வாகனம் எண்டா, ஹெட்லைட்டை அணைச்சு உள்லைட்டைப் போடவேணும், உள்ள ஆர் இருக்கிறதெண்டு அவனுக்குத் தெரிய. பிறகு இறங்கி, ஐசியை, அடையாள அட்டையை, ரெண்டு விரலில உயத்திப் பிடிச்சுக்கொண்டு, மெல்ல மெல்ல அவனிட்ட நடக்கவேணும். நாங்கள்தான் அவனிட்டப் போகவேணும். அவன் எங்களிட்ட வாறதெண்டா அது வேற கதை.

தவமலர்: ஓம்.

நகுலேஸ்வரன்: அந்த மனுசன் ஒரு பிழையும் விடேல்லை, தவம். ஒண்டும் விடாமல் ஒழுங்காச் செய்திருக்கிறார். மரியாதைக்குச் செய்ததெல்லாத்தையும் இவங்கள் களவன்ர வேலை எண்டு நினைச்சிட்டாங்கள். லைட்டை அணைச்சது ஒளிக்கிறதுக்காம். கிட்டப் போனது பாயிறதுக்காம். கையில இருந்தது ட்ரைவிங் லைசென்ஸ்...

தவமலர்: ஆனா இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் வருமோ? மறந்திருக்கவேணுமே.

நகுலேஸ்வரன்: பொலிஸ் லைட் மட்டும் எண்டா வந்திருக்காது. சிவப்பும் நீலமும் ரீவியில பாத்துப் பழகினதுதானே. அது அந்த வெள்ளை லைட். பெரிய லைட், நேரா முகத்தில, கண் முழுக்க வெள்ளை. ஆமி முகாம் வாசல்ல அடிக்கிற லைட் மாதிரியே. அதுக்குப் பின்னால ஆரோ நிண்டு கத்துறான், சொல் விளங்கேல்லை, பாஷைகூட என்ன பாஷையெண்டு தெரியேல்லை... கமராக்காரன் வைச்சிருந்த லைட் அது.

தவமலர்: அந்த லைட் வீடியோவில தெரியாது, நகுல். அதைப் பிடிச்சவன்ர கையிலதான் அது இருந்திருக்கும்.

நகுலேஸ்வரன்: ...அப்பிடித்தானே இருந்திருக்கும் எண்டு சொல்லுறன். இருட்டில வேற என்னெண்டு படம் பிடிப்பான்.

தவமலர்: ஓம். அதுவும் சரிதான்.

நகுலேஸ்வரன்: ஒரு யோசினையில சொன்னனான்.

தவமலர்: நானும் ஒண்டும் சொல்லேல்லையே.

நகுலேஸ்வரன்: இந்த வளைவில இறங்கும். இதை விடாதேயும்.

தவமலர்: இறங்கிட்டன்.

நகுலேஸ்வரன்: ...போன வருஷம் ஒரு கறுப்புப் பெடியனைக் காட்டினாங்கள், ஞாபகம் இருக்கோ? பஸ் ஸ்ரொப்பில குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தவனைப் பொலிஸ் பிடிச்சது. அவனுக்கும் முகத்தை மறைச்சிருந்தது.

தவமலர்: ஞாபகம் இருக்கு. நானும் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்தனான்.

நகுலேஸ்வரன்: அவனை ஆரும் தேடினவையோ?

தவமலர்: ...இல்லை.

நகுலேஸ்வரன்: நீர்?

தவமலர்: இல்லை. தேடியிருக்கவேணும்.

நகுலேஸ்வரன்: பேச்சில அவனையும் சேரும்.

தவமலர்: முதல் பந்தியை வெட்டிப்போட்டு அவனைத்தான் சொல்லப்போறன். இதை நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கக் கூடாதோ?

நகுலேஸ்வரன்: அண்டைக்கு எனக்கு ஆர் சொன்னது. இஞ்சரும்... அந்த மனுசன் வந்து, நான்தான் அது எண்டு சொல்லுறார் எண்டு வைச்சுக்கொள்ளுவம். அவருக்கு என்ன கிடைக்கும்? இப்பவெண்டா ஆரோ ஒருத்தர். முகமில்லை, பேரில்லை. நாளைக்குக் கோயில்ல பொங்கல் புக்கைக்கு வரிசையில நிக்கேக்க, உந்தா அந்த ஸ்டிக்கர் மனுசன் எண்டு பெடியள் காட்டுவாங்கள். மகளின்ர கலியாணத்துக்கு வாற சனம் ஆளைப் பாக்காது. காற்சட்டையைத்தான் பாக்கும்.

தவமலர்: ஓம். அது பெரிய விஷயம்தான்.

நகுலேஸ்வரன்: என்ன உடன ஒத்துக்கொள்ளுறீர்? நீர் வாதாடவெல்லோ வேணும், தோழர்.

தவமலர்: வாதாடி ஒரு மனுசனை அங்க கூட்டிக்கொண்டு போகேலாது. பொலிஸ் ஒருக்காக் கையைப் பிடிச்சு இழுத்தது போதும்.

நகுலேஸ்வரன்: அப்ப அவர் வராட்டித் தோத்துப் போவீரே.

தவமலர்: தோத்தா, இன்னும் ரெண்டு வருஷம் அவன் ஏறித் திரிவான். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அவனுக்கு ஒரு ஆள் தேவை. அடுத்தது ஆரோ... எங்கட மகன் சேந்தன் காலேஜால இரவில கார் ஓடிக்கொண்டு வாறவன். எனக்கு அந்தப் பயம் ஒண்டுதான்.

நகுலேஸ்வரன்: சேந்தனுக்கு இறங்கக் கூடாதெண்டு தெரியும்.

தவமலர்: அந்தப் பெடியனுக்கும் லேஸ் கட்டத் தெரிஞ்சுதானே இருந்தது... வந்திட்டம். ஐயோ, எவ்வளவு சனம் பாருங்கோ. எங்களோட சேந்து போராடுற வான்மதி ஆக்களும் வந்து நிக்கினம், போர்டெல்லாம் பிடிச்சுக்கொண்டு. கறுப்பு ஆக்களின்ர சேர்ச்சில இருந்தும் வந்திருக்கினம். நகுல், இவ்வளவு சனம் வருமெண்டு நான் நினைக்கவேயில்லை. எங்க நிப்பாட்டுறது?

நகுலேஸ்வரன்: அந்த மரத்துக்குக் கீழ ஒரு இடம் கிடக்கு. மெல்ல... மெல்ல. கல்லில முட்டும்.

தவமலர்: முட்டாது.

நகுலேஸ்வரன்: முட்டிட்டுது.

தவமலர்: சரி, முட்டினால் முட்டட்டும்.

நகுலேஸ்வரன்: அங்க வாசல்ல நிக்கிற வான்... ரீவிக்காரன்ர எல்லோ?

தவமலர்: அவங்கட ஆக்களும் கதைக்க வந்திருப்பினம். உள்ளயும் கமரா இருக்கும். கூட்டம் முழுக்க ஊர்ச் சனலில போகுமெண்டு சொன்னவை.

நகுலேஸ்வரன்: ...நான் கார்லயே இருக்கிறன், தவம்.

தவமலர்: இருங்கோ. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருங்கோ.

நகுலேஸ்வரன்: கோவமோ?

தவமலர்: சீச்சீ. கோவமில்லை. முதல் வசனமே மறந்துபோச்சு.

நகுலேஸ்வரன்: தண்ணியைக் குடியும். முதல் வசனத்தை மெல்லச் சொல்லும், மிச்சம் தன்ர பாட்டில வரும். தலைவியை மட்டும் பாரும், மற்ற ஆக்களைப் பாராதேயும்.

தவமலர்: ம்.

நகுலேஸ்வரன்: போம். கூப்பிடப் போகினம்.

தவமலர்: போறன்.

நகுலேஸ்வரன்: கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு என்ன யோசிக்கிறீர்? குளிருது.

தவமலர்: ஒண்டுமில்லை.

நகுலேஸ்வரன்: ...தவம். அந்த மனுசன் அண்டைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்?

தவமலர்: ஒண்டும் சொல்லியிருக்க மாட்டார். வாற வழியில கடையில ஒரு புதுக் காற்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். பின்பக்கத்தில விலைத்துண்டு தொங்கிறது அவருக்குத் தெரிஞ்சிராது.

நகுலேஸ்வரன்: ...மனுசி?

தவமலர்: மனுசி பாத்திருப்பா. வாழைக்காய் வாங்கப் போனவர் வாழைக்காய் இல்லாமல் புதுக் காற்சட்டையோட வாறாரே எண்டு யோசிச்சிருப்பா. கேட்டாச் சொல்லவேண்டி வருமே எண்டு கேட்டிருக்க மாட்டா. அவர் குளிக்கப் போன நேரம் கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துண்டை வெட்டிப் போட்டிருப்பா. அதுக்குப் பிறகு வெளிய போறதெண்டா, எனக்குக் கார் ஓடிப் பழகவேணும், திறப்பைத் தாருங்கோ எண்டு தானே ஓடியிருப்பா.

நகுலேஸ்வரன்: உமக்குக் கற்பனை கூடிப்போச்சு.

தவமலர்: ஓம். நான் வாறன்.

தலைவி: அமைதி, தயவு செய்து அமைதி. பலகைகளைக் கீழே வையுங்கள், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. பொதுமக்கள் பேசும் நேரம் தொடர்கிறது. அடுத்தது திருமதி தவமலர். ஒலிவாங்கிக்கு வாருங்கள்.

தவமலர்: வணக்கம். நான் எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கப்போறதில்லை. மன்னிக்கவேணும்... ஒரு நிமிஷம்.

தலைவி: பதற்றம் வேண்டாம். நிதானமாகப் பேசுங்கள்.

தவமலர்: போன வருஷம் இந்த ஊரில ஒரு பெடியன் பஸ்ஸுக்கு நிண்டு சப்பாத்து லேஸ் கட்டினவன். அவனைச் சுவரோட சாத்தி வைச்சதை நாங்கள் எல்லாரும் ரீவியில பாத்தனாங்கள். அவன் ஆரெண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. அவனுக்கு என்ன நடந்ததெண்டு ஆரும் கேக்காததுதான் இவங்கட வியாபாரம். முகத்தை மறைக்கிறது அவனுக்குப் பாதுகாப்பு எண்டினம். இல்லை, அது எங்களுக்குப் பாதுகாப்பு. முகம் தெரிஞ்சா எங்களுக்குச் சிரிக்க ஏலாது.

தலைவி: அமைதி. கைதட்ட வேண்டாம், நேரம் போகிறது. திருமதி தவமலர், போன முறை கேட்டதையே மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவரைப் பற்றிச் சொன்னீர்கள். அவரைத் தேடுவதாகவும் சொன்னீர்கள். கண்டுபிடித்தீர்களா?

தவமலர்: நான் அவரைத் தேடேல்லை, மேடம்.

தலைவி: தேடுவதாகச் சொன்னீர்களே.

தவமலர்: சொன்னனான். கோயில்லயும் கடையிலயும் கேட்டுத் திரிஞ்சதும் உண்மை. அது அவருக்குக் கேக்கட்டும் எண்டுதான். அவர் ஆரெண்டு ரீவியில கண்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். நடையை மறைக்க அவங்களுக்குத் தெரியேல்லை.

தலைவி: அப்படியானால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

தவமலர்: மாட்டன். ஒருக்கா அவரைக் கேக்காமல் நீங்கள் ஊருக்குக் காட்டினீங்கள். நானும் அதைச் செய்ய மாட்டன். இதால வோட்டுத் தோத்தாலும் பரவாயில்லை.

தலைவி: உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் நிலையும் உங்களுக்குப் புரிய வேண்டும். முறையிட ஒருவரும் இல்லாத ஒரு விஷயத்தில் நான் எதை வைத்து முடிவெடுப்பது? உங்கள் நேரம் முடிகிறது. கடைசியாகக் கேட்கிறேன், அந்த மனிதர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா?

தவமலர்: இல்லை, மேடம். அவர்...

நகுலேஸ்வரன்: இருக்கிறன். கதவடியில நிக்கிறன், மேடம், கொஞ்சம் வழி விடச் சொல்லுங்கோ. என்ர பேர் நகுலேஸ்வரன். பத்தொன்பது வருஷமா இந்த ஊரில இருக்கிறன். அண்டைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு பொலிஸிட்ட நடந்து போன மனுசன் நான்தான். உதில நிக்கிறவ என்ர மனுசி, அவவுக்கும் இப்பதான் வாய் திறந்து சொல்லுறன். முகத்தை மறைச்சவை காற்சட்டையை மறைக்கேல்லை, அதை ஊர் முழுக்கப் பாத்திட்டுது, மிச்சம் இந்த முகம் ஒண்டுதான்... தம்பி, அந்தக் கமராவை இஞ்சால திருப்பும்.